கோச்சி, கோயில், நல்ல சாப்பாடு



2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றுக்காக ஜப்பான் நாட்டின் கோபே நகருக்குச் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி அதிகாலையில் ஏற்பட்ட பூமியதிர்ச்சியில் 6,400க்கும் அதிகமானோரைப் பறிகொடுத்த பிரதேசம் அது. அதன் பின்னர் தற்காலிகக் குடியிருப்புகளில் தனித்துப்போன மனிதர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று பார்க்கும் வேலையை அங்குள்ளவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளவே நாங்கள் போயிருந்தோம்.

ஊருக்குத் திரும்பிய பின், எமது மாதாந்தப் பெண்கள் வட்டக் கூட்டத்துக்கு எட்டுப் பக்கக் குறிப்புகளோடு போனேன். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் வயதான அம்மா ஒருவர் கையை உயர்த்தினார்.

“பிள்ளை, உதெல்லாம் ஆறுதலாய்ச் சொல்லலாம். அங்கை கோயில் இருக்கோ? அந்தப் பறக்கிற கோச்சியிலை ஏறினனியோ? என்ன சாப்பிட்டனீ? அதை முதல் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, அங்கே எனக்குக் கிடைத்த ஒரேயொரு விடுமுறை நாளின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“எங்களுக்கு உதெல்லாம் விட்டுப்போச்சு. அவர் போனாப்பிறகு நான் ஒரு இடமும் போறேல்லை. வாய்க்கு ருசியாய் ஒண்டு சமைச்சாலும் சனம் என்ன சொல்லுமோ எண்டு பயமாயிருக்கு.”

2009இல் கணவரை இழந்தவர் அவர். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். விடிய நாலு மணிக்கு எழும்பி அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஊருக்கெல்லாம் ருசியாகச் சமைக்கும் ஒருவர் தனக்கென்று சமைக்கப் பயப்படுகிறார். அவர் சொன்னதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நாளை இம்முறை முழுமையாக எழுதுகிறேன். அதற்குள் அவருக்கான பதிலும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பறக்கும் கோச்சி

ஞாயிற்றுக்கிழமை. கொடுப்பனவில் மிச்சம் பிடித்த காசில் ஹிரோஷிமாவுக்குப் போய் வருவது என்று தீர்மானித்தேன். பயிற்சியில் எங்களுக்கு மொழிபெயர்த்த பெண்மணி தானும் வருவதாகச் சொன்னார். அவரும் சமூகப் பணியாளர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

ஷின்-கோபே நிலையம் இரண்டு மலைச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறது. வண்டி ஒரு சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு அடுத்த சுரங்கத்துக்குள் நுழைந்து விடுகிறது. ஹிரோஷிமா அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஒரு வழிச் சீட்டு 10,000 யென்னுக்கு மேல். அப்போது எங்கள் காசில் கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபாய். அந்தக் காசுக்கு எத்தனை கோழிக்குஞ்சு வாங்கலாம், எத்தனை பேருக்குத் தையல் துணி எடுக்கலாம் என்று மனம் கணக்குப் பார்த்தது. வாழ்வாதாரத் திட்டங்களோடு வேலை செய்பவர்களை இந்த வருத்தம் எங்கு போனாலும் விடாது.

ஷின்கான்சென் என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கடுகதி றெயில் 1964 ஒக்டோபர் 1ஆம் திகதி டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையில் ஓடத் தொடங்கியது. ஹிரோஷிமாவுக்கு வந்தது 1975இல். நான் போன பாதையில் மணிக்கு 300 கிலோமீற்றர் வரை ஓடுகிறது. ஆனாலும் மடியில் வைத்த தேநீர் தளும்பவில்லை. சீட்டுப் பார்த்துக்கொண்டு வந்த இளம் பெண், பெட்டியை விட்டுப் போகும்போது வாசலில் திரும்பி நின்று, எங்கள் எல்லோருக்கும் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

எனக்கு எங்கள் பாதை நினைவுக்கு வந்தது. நான் பிறந்தது 1988இல். யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது 1990இல் நின்று போனது. எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் ‘கோச்சிப்பாதை’ என்றால் மாடு மேயும் ஒரு மண்மேடு. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. அந்தக் கட்டைகளுக்குக் கீழே குந்தியிருந்துதான் நான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் றெயில் வந்தபோதுதான், இருபத்தாறு வயதில், முதன்முதலாக ஏறினேன். அன்று பெட்டியில் இருந்த வயதான பெண்கள் பலர் யன்னலால் பார்த்துக்கொண்டு அழுதார்கள். அழுதுவிட்டு வடைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடவும் செய்தார்கள்.

காலைச் சாப்பாடு றெயிலிலேயே முடிந்தது. கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டை. உள்ளே உப்பில் ஊறிய ஒரு புளிப்புப் பழம். பழஞ்சோற்றோடு ஊறுகாய் தொட்ட மாதிரியே இருந்தது.

கடலுக்குள் கோயில்

ஹிரோஷிமாவில் இறங்கி, சாதாரண றெயிலில் அரை மணி நேரம். பிறகு படகில் பத்து நிமிடம். மியாஜிமா என்ற தீவு. படகில் வரும்போதே கடலுக்குள் நிற்கும் சிவப்பு நிறப் பெருவாசல் தெரிகிறது. இப்போது நிற்பது 1875இல் கட்டியது. உயரம் 16 மீற்றருக்கும் மேல். அதன் தூண்கள் நிலத்துக்குள் புதைக்கப்படவில்லை. தன் பாரத்திலேயே நிற்கிறது. வாசலுக்கு நேரே, அலை அடிக்கும் இடத்தில் தூண்களின் மேல் கட்டிய இட்சுகுஷிமா ஆலயம். 1168இல் தைரா நோ கியோமோரி என்ற பிரபு இன்றைய அமைப்பில் கட்டுவித்தார். 1996இல் உலக மரபுரிமைச் சின்னமாகியது. வற்றுப்பெருக்கு நேரத்தில் பலகைத் தளத்துக்குக் கீழே தண்ணீர் வந்து போகும் சத்தம் கேட்கிறது.

அங்கு குடிகொண்டிருப்பவர்கள் மூன்று சகோதரித் தெய்வங்கள். அவர்களில் ஒருவரைப் பென்சைத்தென் என்ற தெய்வமாகவும் நீண்ட காலம் வழிபட்டு வந்திருக்கிறார்கள். பென்சைத்தென் யார் தெரியுமா? எங்கள் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவள். கையில் வீணைக்குப் பதிலாக ‘பிவா’ என்ற அந்த நாட்டு நரம்பு வாத்தியம். 1868இல் அரசு புத்தர் வழிபாட்டையும் பழைய தெய்வ வழிபாட்டையும் பிரித்தபோது, அவளது சிலை ஆலயத்திலிருந்து பக்கத்தில் உள்ள தைகான்ஜி கோயிலுக்கு மாற்றப்பட்டது. வருடத்தில் ஒரு நாள், ஜூன் 17ஆம் திகதிதான் திறந்து காட்டுவார்களாம். பூட்டிய கதவின் முன் நின்று கும்பிட்டேன். சரஸ்வதி பூசைக்குக் கொப்பியும் புத்தகமும் வைத்துக் கும்பிட்ட ஞாபகம் வந்தது.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். தீவு முழுவதும் புனிதம் என்பதால், பழைய நாளில் அங்கு எவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. பிள்ளைப்பேறு நெருங்கிய பெண்களைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களிலும் பெண்களை ஒதுக்கி வைத்தார்கள். இன்றும் தீவில் மயானம் இல்லை. எங்கள் ஊர்த் ‘துடக்கு’ எனக்கு ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. ‘இது எங்கள் சமயத்தில் மட்டும், எங்கள் சாதியில் மட்டும்’ என்று நாம் நினைப்பதுண்டு. கடல் கடந்து போய்ப் பார்த்தால், பெண்ணின் உடலுக்கும் துக்கத்துக்கும் வேலி போட்ட சமூகங்கள் எத்தனையோ. மனிதர்கள் போட்ட வேலியை மனிதர்களே எடுத்தும் விடுகிறார்கள். நான் போன அன்று அந்த ஆலயத்தில் கர்ப்பிணிப் பெண்களும் நடந்தார்கள், கைக்குழந்தைக்காரரும் நடந்தார்கள்.

மலையடிவாரத்தில் தைஷோ-இன் என்ற புத்த கோயில். 806இல் குக்காய் என்ற துறவி நிறுவியதாகச் சொல்கிறார்கள். ஏப்ரல் 15ஆம் திகதியும் நவம்பர் 15ஆம் திகதியும் அங்கே தீமிதிப்பு நடக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, “எங்கள் அம்மன் கோயில்களிலும் உண்டு” என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

ஏறிச் செல்லும் படிகளின் நடுவே, கைபிடி போல, பௌத்த நூல் வாக்கியங்கள் பொறித்த உலோக உருளைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கையால் உருட்டிக்கொண்டு ஏறினால் அந்த நூலை வாசித்த பலனாம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பலன் கிடைக்கும் ஏற்பாடு. ஒரு பக்கத்தில் புத்தரின் ஐந்நூறு சீடர்களின் சிறு கற்சிலைகள். ஒவ்வொரு முகமும் வேறு வேறு. சிரிப்பவர், தூங்குபவர், கன்னத்தில் கை வைத்தவர். எல்லோருக்கும் யாரோ கம்பளித் தொப்பி பின்னிப் போட்டிருக்கிறார்கள்.

அவற்றோடு ஜிஸோ என்ற குழந்தை முகச் சிலைகளும் உண்டு. இறந்துபோன பிள்ளைகளுக்குத் துணையிருப்பவர் ஜிஸோ என்பது அந்த நாட்டு நம்பிக்கை. பிறந்து இறந்த பிள்ளை, பிறவாமலே போன பிள்ளை எல்லாம் அவர் பொறுப்பில். பெற்றவர்கள் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார்கள். விளையாட்டுச் சாமான் வைக்கிறார்கள். ஒரு சிலையின் காலடியில் புத்தம் புதிய சின்னக் கார் ஒன்று இருந்தது. நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 2009இல் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவும் முடியாத தாய்மாரோடு வேலை செய்பவள் நான். துணி கட்டிவிட ஒரு கல்லாவது இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது எனக்குத் தெரியும்.

வீணையிலிருந்து அகப்பை

கோயில் வீதிக் கடைகளில் எங்கு பார்த்தாலும் மர அகப்பை. சோறு போடும் தட்டையான கரண்டி. ஏழு மீற்றருக்கும் மேல் நீளமான ஒரு பெரிய அகப்பையை வீதியில் காட்சிக்கே வைத்திருக்கிறார்கள். அதன் கதை இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்தத் தீவில் செய்ஷின் என்றொரு துறவி இருந்தார். தீவு மக்களுக்கு உழைப்பதற்குத் தொழில் இல்லை. அவர் பென்சைத்தெனின் வாத்தியத்தின் வடிவத்தைப் பார்த்து, அதே வடிவில் அகப்பை செதுக்கலாம் என்று கண்டு, தீவு மக்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தாராம். இருநூறு வருடத்துக்கு மேலாக அது அவர்களுக்குச் சோறு போடுகிறது. நாம் இன்று ‘வாழ்வாதாரத் திட்டம்’ என்று எழுதுவதை அந்த மனிதர் அன்றே செய்திருக்கிறார். கிடைக்கும் மரம், வருகிற யாத்திரிகர், எவரும் வீட்டில் பாவிக்கும் பொருள் என்ற மூன்றையும் அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். அதனால் திட்டம் நிலைத்தது.

ஆனால் அந்த அகப்பைக்கும் ஒரு போர்க் கதை உண்டு. 1894இல் சீனாவோடும் 1904இல் ரஷ்யாவோடும் ஜப்பான் போருக்குப் போனபோது, படையினர் ஹிரோஷிமாத் துறைமுகத்தில் கூடிக் கப்பலேறினார்கள். ஜப்பானிய மொழியில் ‘சோறு அள்ளுவது’ என்பதும் ‘பிடித்து அடக்குவது’ என்பதும் ஒரே ஒலியில் வருமாம். அதனால் வெற்றி வேண்டி, அகப்பையில் பெயர் எழுதிக் கோயிலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய் இறங்கிய நாடுகளிலும் அடுப்புகள் இருந்தன, பெண்கள் இருந்தார்கள். ஹிரோஷிமாவை நினைக்கும்போது இதையும் மறக்கக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளரே சொன்னார்.

மத்தியானச் சாப்பாடு அரக்கு பூசிய அழகான பெட்டியில் வந்தது. கடல் விலாங்கைக் கரியடுப்பில் வாட்டி, இனிப்பும் உப்பும் கலந்த சோயாக் குழம்பு பூசி, அதன் எலும்பு அவித்த சாற்றில் சமைத்த சோற்றின் மேல் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பகுதிக்கே பேர்போன சாப்பாடு. மீன் வாயில் வைத்ததும் கரைந்தது. அடியில் ஒட்டிய சோறு புகை மணத்தது. விலையைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் கோழிக்குஞ்சுக் கணக்கு வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளர், “ருசியில்லையா?” என்று கேட்டார். “ருசி கூடிப்போச்சு, அதுதான் பிரச்சினை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்டில் சாப்பிட முன் கைகூப்பி ‘இததாகிமாசு’ என்பார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். சாப்பிட்ட பின் ‘கொச்சிசோ-சமா’ என்பார்கள். எங்கள் ‘கோச்சி’ மாதிரியே கேட்கும் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஓட்டம். எனக்காக ஓடித் திரிந்து இதைச் செய்தீர்களே என்ற நன்றி. “ஓடினவர்களுக்கு நன்றி சொல்ல ஒரே வழி, ருசித்துச் சாப்பிடுவது” என்றார். பெட்டியில் ஒரு சோறும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஓடிய ட்ராம்

திரும்பும்போது றெயிலில் வராமல், வீதியோடு ஓடும் மின்சார ட்ராம் வண்டியில் வந்தோம். மெதுவான வண்டி. வேண்டுமென்றே அதைத் தெரிவு செய்தோம்.

1943இல் ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் ட்ராம் ஓட்ட ஆளில்லாமல் போனது. கம்பனி பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை தொடங்கியது. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் ட்ராமில் வேலை. கிராமங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். படிக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது. சீட்டுக் கொடுத்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள்.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தது. அந்த வருட முடிவுக்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ட்ராம் கம்பனியின் ஊழியர்களில் 185 பேர் இறந்தனர். 123 வண்டிகளில் 108 சேதமடைந்தன அல்லது எரிந்தன. ஆனால் மூன்றே நாளில், ஓகஸ்ட் 9ஆம் திகதி, நகரின் மேற்குப் புறத்தில் ஒரு சிறு தூரத்துக்கு ட்ராம் மீண்டும் ஓடியது. அதில் கடமை செய்தவர்களில் அந்தப் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் ட்ராம் அதே பாதையால்தான் வந்தது. மொழிபெயர்ப்பாளர் யன்னலால் காட்டினார்: “இந்த இடத்திலிருந்து அந்தப் பாலம் வரை.” பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கடைகள், துவிச்சக்கர வண்டிகள், பாடசாலைப் பிள்ளைகள்.

அடுத்து நடந்ததைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். 1945 செப்டெம்பரிலேயே அந்தப் பாடசாலை மூடப்பட்டது. பிள்ளைகள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். நெருக்கடியில் பெண்ணிடம் கொடுத்த வேலையை நெருக்கடி முடிந்ததும் திருப்பி வாங்குவது எந்த நாட்டுக்கும் புதிதல்ல. இடம்பெயர்ந்த முகாம்களில் எல்லாப் பொறுப்பையும் சுமந்துவிட்டு, மீள்குடியேறிய பின் சங்கக் கூட்டத்தில் கதவோரம் நின்ற எத்தனை பெண்களை நாமே பார்த்திருக்கிறோம்.

நடு நகரில், அன்று வீடுகளும் கோயில்களும் நெருங்கியிருந்த ஒரு பகுதி முழுவதும் இன்று சமாதானப் பூங்கா. அங்கே 1964 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஏற்றிய சுடர் எரிகிறது. நாங்கள் காலையில் போன தீவின் மலையுச்சியில், குக்காய் ஏற்றியது முதல் அணையவில்லை என்று நம்பப்படும் தீயிலிருந்தும் இதற்கு நெருப்பு எடுத்தார்களாம். குண்டில் இறந்த கொரிய மக்களுக்கும் ஒரு நினைவுக்கல் உண்டு. 1970இல் பூங்காவுக்கு வெளியே வைத்தார்கள். 1999இல்தான் அது உள்ளே வந்தது.

ஒரு மூலையில் புல் முளைத்த வட்டமான மேடு. அதற்குள் அடையாளம் காணப்படாத ஏறக்குறைய 70,000 பேரின் சாம்பல் இருக்கிறது. அவர்களில் 800க்கும் சற்று அதிகமானோரின் பெயர் தெரியும். கேட்டு வர ஆளில்லை. அந்தப் பெயர்களை நகரசபை ஒவ்வொரு வருடமும் பட்டியலாக ஒட்டி, உறவினரைத் தேடுகிறது. ஏறத்தாழ எண்பது வருடமாகியும் தேடுவதை நிறுத்தவில்லை. எங்களில் பலர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்தவர்கள். பெயரைக் கேட்கும் ஒரு அலுவலகம், ஒட்டி வைக்கும் ஒரு பட்டியல் என்பவற்றின் அருமையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெயர்ப் பலகைகள்

இரவுச் சாப்பாடு ஒரு சின்னக் கடையில். பெரிய இரும்புத் தகட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். கடைக்காரப் பெண்மணி எழுபதைத் தாண்டியவர். சூடான தகட்டில் கோதுமை மாவைத் தோசை போல மெல்லியதாக வார்த்தார். அதன் மேல் ஒரு மலையளவு கோவா, பயறு முளை, எனக்காகப் பன்றி இறைச்சிக்குப் பதில் கணவாயும் இறாலும். இரண்டு தட்டகப்பைகளால் ஒரே புரட்டில் கவிழ்த்தார். பக்கத்தில் நூடில்ஸை வதக்கி அதன் மேல் ஏற்றி, முட்டையில் படுக்க வைத்து, மறுபடியும் புரட்டி, இனிப்பும் புளிப்புமான கறுப்புக் குழம்பைத் தடவினார். ஒக்கொனோமியாக்கி என்பது இதன் பெயர். தகட்டில் இரும்பு தட்டும் சத்தத்தில் எனக்கு எங்கள் ஊர்க் கொத்துரொட்டிக் கடையே ஞாபகம் வந்தது.

போருக்கு முன் இது பிள்ளைகள் ஒரு சதம் கொடுத்து வாங்கும் தின்பண்டம். வெறும் மாவும் வெங்காயத் தாளும். போருக்குப் பின் அரிசி இல்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மா இருந்தது. எரிந்த நகரில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சமில்லை. வெங்காயத் தாளைவிடக் கோவா மலிவு, வயிற்றையும் நிரப்பும். படையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கான ஓய்வூதியம் 1946இல் நிறுத்தப்பட்டது. அவர்களுக்கான புதிய நிவாரணச் சட்டம் வந்தது 1952இல். அணுகுண்டினால் பாதிக்கப்பட்டோரின் வைத்தியத்துக்கான சட்டம் வர 1957 ஆகியது. இடைப்பட்ட வருடங்களில் கணவனை இழந்த பெண்கள் வீட்டின் முன் அறையைத் திறந்து, தகட்டை வைத்து, மாவை வார்த்தார்கள்.

அந்த நகரின் பழைய கடைகள் பலவற்றின் பெயர் ‘ச்சான்’ என்று முடிகிறது. பெண் பிள்ளைகளையும் நெருங்கியவர்களையும் செல்லமாக அழைக்கும் சொல் அது. எங்கள் ‘குட்டி’ மாதிரி. கடை திறந்த பெண்கள் தங்கள் பெயரையே பலகையில் எழுதினார்கள். அதற்கு ஹிரோஷிமாவில் ஒரு காரணம் சொல்கிறார்கள். வீடும் வீதியும் விலாசமும் அழிந்துவிட்ட நகரில், போரிலிருந்தோ வேறெங்கிருந்தோ தன் ஆள் உயிரோடு திரும்பி வந்தால், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று.

நாங்கள் இருந்த கடையும் அப்படி ஒரு பெயர்க் கடைதான். தொடங்கியவர் கடைக்காரப் பெண்மணியின் மாமியார். “உண்மையிலேயே அதற்காகத்தான் பெயர் வைத்தாரா?” என்று கேட்கச் சொன்னேன். அவர் தகட்டைச் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னார். “நானும் கேட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாவை ஊற்றினார்.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு இரவும் கடை பூட்டிய பின் மாமி கடைசியாக ஒன்று சுடுவாராம். நல்ல கணவாயாகப் பார்த்து எடுத்து வைத்திருந்து, தனக்காக. ஆறுதலாக இருந்து சாப்பிடுவாராம். அந்த நேரத்தில் எவரும் அவரைக் கூப்பிடக் கூடாதாம்.

இனி நாம்

இந்தக் கதையைச் சொல்வது, ‘அவர்கள் தாங்களாகவே எழும்பினார்கள், நீங்களும் எழும்புங்கள்’ என்று உங்களிடம் சொல்வதற்காக அல்ல. உதவி வரப் பிந்தியது அந்தப் பெண்களுக்குச் செய்த அநியாயம். அதை அவர்களது பெருமையாக்கிவிட்டு அரசும் நிறுவனங்களும் கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது வேறு. பெயர்ப் பலகையில் கணவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண், இரவில் தனக்காக நல்ல கணவாயும் எடுத்து வைத்தாள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. ஜிஸோவுக்குச் சின்னக் கார் வைத்த தாய் திரும்பிப் போகும் வழியில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டிருப்பாள். எங்கள் சமூகம் துக்கத்தைச் சாப்பாட்டுத் தட்டிலும் சேலை நிறத்திலும் அளக்கப் பழகிவிட்டது. அந்த அளவுகோலை ஆண்களுக்கு அது நீட்டுவதில்லை. இறந்தவர்களை நாம் நேசித்தோம் என்பதற்கு எங்கள் பசி சாட்சியாக இருக்கத் தேவையில்லை.

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். நீண்ட நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, முதலில் கையை உயர்த்திய அதே அம்மா ஒரு யோசனை சொன்னார். கிளிநொச்சியில் ஏறி, காங்கேசன்துறை வரை கோச்சியில் போவது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், பிறகு கீரிமலை. ஒரு நிபந்தனையும் போட்டார்: “ஒருத்தரும் வீட்டிலை சமைச்சுக் கட்டிக்கொண்டு வரக்கூடாது. கடையிலை இருந்து, வேறை ஆரும் பரிமாறச் சாப்பிட வேணும். எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஒருக்காலும் அப்பிடிச் சாப்பிடேல்லை.”

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் சேர்ப்பதென்று முடிவாகியது. பின்வரிசைச் சகோதரி பெயர் கொடுக்கவில்லை. “அண்டைக்கு அப்பம் ஆர் சுடுறது?” என்று கேட்டார். மகள் சுடட்டும் என்றார்கள். “அவளுக்கு மா பதம் தெரியாது” என்றார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின், செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவர் திரும்பி என்னிடம் கேட்டார்:

“அக்கா, கோச்சி எத்தினை மணிக்கு?”

உங்கள் வட்டத்திலும் இப்படி ஒரு நாளைத் திட்டமிடுங்கள். தூரம் போகத் தேவையில்லை. போய் வந்து எங்கு போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.